செயற்கைக் காலின் ஆயுள் எத்தனை ஆண்டு? போருக்குப் பின் நாம் போடாத ஒரு கணக்கு

கடந்த மாதம் என் தாய்மாமாவுக்குப் புதிய செயற்கைப் பாதம் ஒன்று பொருத்தப்பட்டது. பழையதை எறிந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. "உள்ளுக்கு என்னதான் இருக்கெண்டு ஒருக்கால் பாப்பம் தம்பி" என்றார். முற்றத்தில் பலகை ஒன்றின்மேல் வைத்து, மரம் அரியும் வாளால் அதை நெடுக்காக அரிந்தோம்.

கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. குதிப் பக்கத்திலும் விரல் பக்கத்திலும் நுண்துளைகள் நிறைந்த நுரை இறப்பர். இவற்றைச் சுற்றி நூலிழை பாவிய கெட்டி இறப்பர். வெளியே தோல் நிறத்தில் ஒரு போர்வை. விரல் பக்கத்து நுரை, அமுக்கிவிட்டால் இன்னும் மீண்டு வந்தது. குதிப் பக்கத்து நுரை தட்டையாகி, மரக்கட்டையை விட்டுக் கழன்று கிடந்தது. பாதத்தின் அடியில், மாமா தானே வெட்டி ஒட்டிய பாட்டாச் செருப்புத் துண்டுகள் இரண்டு. உயரம் குறைந்துபோன காலை இரண்டு வருடமாக அவர் அப்படித்தான் சமாளித்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த ஆண்டு வலிகாமத்துக்குத் திரும்பி வந்தவர் மாமா. தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கையில் மிதிவெடி அவரது வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. அன்றிலிருந்து இது அவருக்கு ஆறாவது கால். நாங்கள் அரிந்து பார்த்த ஐந்தாவது கால், சில வருடங்களுக்கு முன் ஓர் இலவச முகாமில் கிடைத்தது. முகாம் முடிந்தது, வந்தவர்கள் போய்விட்டார்கள். குதி அமிழ்ந்தபோது ஏன் வேறிடத்தில் போய்க் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். "சும்மா தந்த காலைக் குறை சொல்லிக்கொண்டு போறதோ?" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. கால் இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் வழங்கப்படும் நாள் எங்கள் ஊடகங்களில் செய்தியாகிறது. படம் எடுக்கப்படுகிறது, பெயர்ப்பலகை கட்டப்படுகிறது. அந்தக் காலுக்குள் இருக்கும் நுரைக்கு ஓர் ஆயுள் உண்டு என்பதும், அந்த ஆயுள் முடியும் நாளில் அவர் மீண்டும் கால் இல்லாதவர் ஆகிறார் என்பதும் செய்தியாவதில்லை.

நுரை என்ன செய்கிறது?

நுரைப்பொருள் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது மெத்தையும், மீன் பெட்டியாகப் பயன்படும் ரெஜிபோமும்தான். அவை நொய்மையானவை. ஆனால் நுரையை வேறொரு வலிய பொருளோடு சேர்த்துக் கட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. நுரை எடையைக் குறைத்து அதிர்வை விழுங்குகிறது. மேலே சுற்றிய இழையும் பிசினும் இழுவையைத் தாங்குகின்றன. இரண்டும் சேர்ந்து, தனித்தனியே தாங்க முடியாத பாரத்தைத் தாங்குகின்றன. இதுவே கலப்பு நுரைப்பொருளின் அடிப்படை.

இன்றைய உலகில் எடை குறைவாகவும் வலுக் கூடுதலாகவும் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இது இருக்கிறது. மன்னாரில் சுழல்வது போன்ற பெரிய காற்றாலைகளின் இறகுகள் பொதுவாகக் கண்ணாடியிழைத் தோலும், உள்ளே நுரை அல்லது இலேசான மரமும் கொண்டு செய்யப்படுபவை. எங்கள் கடற்றொழிலாளர்களின் பைபர் படகுகள் கவிழ்ந்தாலும் தாழாமல் இருக்க, அவற்றின் அடைத்த அறைகளுக்குள் நுரை நிரப்பப்படுகிறது. மிக நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்து செய்யும் ஒருவகை நுரை, கடலின் ஆழத்து அழுத்தத்தையும் தாங்கும். 2012இல் ஜேம்ஸ் கமரூன் மரியானா அகழியின் அடிக்குப் போய்வந்த கலத்தின் பெரும்பகுதி அத்தகைய நுரைதான்.

இந்த வரிசையில் செயற்கைப் பாதத்தை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அதன் வேலை மற்றவற்றுக்குக் குறைந்ததல்ல. ஒரு நாளைக்கு 5000 அடி நடப்பவரின் செயற்கைப் பாதம் 2500 தடவை நிலத்தில் ஊன்றுகிறது. ஆண்டுக்கு 9 இலட்சம் தடவை. 60 கிலோ எடையுள்ளவர் சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வோர் ஊன்றலிலும் அவரது எடையைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரம் பாதத்தில் இறங்கும். 50 கிலோ உர மூட்டையைத் தோளில் ஏற்றினால் அது 120 கிலோவைத் தாண்டும். செயற்கைப் பாதங்களைச் சோதிக்கும் சர்வதேசத் தரத்தின்படி, குதியும் முன்பாதமும் 20 இலட்சம் தடவை பாரம் ஏற்றி இறக்கிப் பார்க்கப்படுகின்றன. மேலே சொன்ன கணக்கில் அது இரண்டேகால் ஆண்டு நடைக்குச் சமம். மாமா அந்தப் பாதத்தில் ஐந்து ஆண்டு நடந்திருக்கிறார். தரம் குறைந்த பாதம் என்று சொல்வதற்கில்லை. அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அதை மாற்ற ஓர் ஏற்பாடு இருக்கவில்லை என்பதுதான் குறை.

எங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற பாதம்

1968இல் ஜெய்ப்பூர் நகரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்புச் சிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியதே ஜெய்ப்பூர் கால். மேற்கத்தைய பாதங்கள் சப்பாத்துக்குள் போடுவதற்காகச் செய்யப்பட்டவை. சப்பாத்து இல்லாமல் வரம்பில் நடக்கவும், நிலத்தில் சம்மணமிட்டு இருக்கவும், குந்தி இருந்து களை பிடுங்கவும் அவற்றால் முடியாது. டயர் செய்யும் இறப்பரும் நூலிழையும், நுரை இறப்பரும், மரமும் கொண்டு அவர்கள் செய்த பாதம் எல்லாப் பக்கமும் வளைந்தது. தண்ணீருக்கும் சேற்றுக்கும் ஈடு கொடுத்தது. வெறும் பாதமாகவே நடக்க முடிந்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது.

அதன் உள்ளே இருக்கும் நுண்துளை இறப்பர் எங்களுக்குப் புதியதல்ல. நீரிழிவு நோயாளர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பின் அடி அதுவே. 1950களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க மென்மையான பாதணிகளைத் தேடியபோது பிரபலமானது இந்த இறப்பர்.

இலங்கைக்கு ஜெய்ப்பூர் கால் 1980களின் நடுப்பகுதியில் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய நிலையம், இன்று யாழ்ப்பாண ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிலையமாக இயங்குகிறது. பொருளாதாரத் தடை இருந்த காலத்திலும், பாதை பூட்டப்பட்ட காலத்திலும் அங்கே கால்கள் செய்யப்பட்டன. வன்னியில் வெண்புறா நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பின், 2010 மார்ச்சில் இந்திய அரசின் ஏற்பாட்டில் ஜெய்ப்பூர் நிறுவனத்தினர் வவுனியாவுக்கு வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் பொருத்தினார்கள். இந்தப் பணிகள் எதையும் குறைத்து மதிப்பிட முடியாது. முள்ளுக்கம்பிக்குள் ஊன்றுகோலோடு இருந்தவர்கள் அந்தக் கால்களில்தான் ஊர் திரும்பினார்கள்.

ஆனால் 2010இல் பொருத்திய காலின் நுரை இன்று எந்த நிலையில் இருக்கும் என்பதையும் நாங்கள் கேட்க வேண்டும்.

நுரை எப்படிச் சாகிறது?

நுரை ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வோர் ஊன்றலிலும் அதன் சிறு அறைகளின் சுவர்கள் மடங்கி நிமிர்கின்றன. இலட்சக்கணக்கான தடவைக்குப் பின் சில சுவர்கள் நிமிராமல் போகின்றன. குதியின் உயரம் மில்லிமீற்றர் கணக்கில் குறைகிறது. வெயிலும் உப்பும் இறப்பரை இறுகவைக்கின்றன. நுரையும் மரமும் ஒட்டிய இடத்தில் ஈரம் புகுந்தால் அவை விட்டுப்போகின்றன. கரையோர மணலில் நடப்பவர், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுபவர், கடலில் இறங்கி வலை இழுப்பவர் ஆகியோரின் பாதங்கள் மேசை வேலை செய்பவரின் பாதத்தைவிட விரைவாகத் தேய்வது இதனால்தான்.

எடை குறைந்த புதிய பாதங்களில் பொலியூரிதேன் நுரை பயன்படுகிறது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பல போர் நாடுகளில் வழங்கிய பாதம், பொலிபுரொப்பிலீன் அச்சைச் சுற்றி பொலியூரிதேன் நுரை வார்த்துச் செய்யப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவும், எடை குறைந்த பொலியூரிதேன் பாதத்துக்கான தொழில்நுட்பத்தை ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கு வழங்கியது. இவை இலேசானவை, ஒரே அளவில் வார்க்கக்கூடியவை. ஆனால் சிலவகைப் பொலியூரிதேனுக்கு ஈரமும் வெப்பமும் எதிரி. அலுமாரியில் பல வருடம் வைத்திருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டதும் அதன் அடி தூளாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்ததன் விளைவு அது. ஐரோப்பாவில் நன்றாக உழைக்கும் ஒரு பாதம் யாழ்ப்பாணத்து மாரிக்கும் கோடைக்கும் அப்படியே உழைக்கும் என்று நம்ப முடியாது.

தேய்ந்த பாதத்தின் கேடு பாதத்தோடு நிற்பதில்லை. குதி அமிழ்ந்தால் கால் குட்டையாகிறது. இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. நாரி நோகிறது. நல்ல காலின் முழங்கால் இரட்டை வேலை செய்து தேய்கிறது. அதிர்வை நுரை விழுங்காதபோது அது நேரே வெட்டுண்ட காலின் தோலுக்குப் போகிறது. அங்கே கொப்புளம், பின் புண். புண் வந்தால் காலைப் போட முடியாது. கூலிவேலை நிற்கிறது. மாமாவின் முழங்கால் வலிக்கு இரண்டு வருடமாக எண்ணெய் பூசினோம், மாத்திரை வாங்கினோம். காரணம் மற்றக் காலின் குதிக்குள் இருந்த ஒரு துண்டு நுரை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவருக்கு எத்தனை கால் வேண்டும்?

வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கால் மாற்ற வேண்டும். வளர்ந்தவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. பாதம் மட்டும் அதற்கு முன்னரே தேயலாம். 2009இல் எறிகணையில் காலை இழந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வயது வரை ஆண்டுக்கு ஒன்று என்றால் எட்டுக் கால்கள். அதன்பின் எழுபது வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒன்று என்றால் பதின்மூன்று. மொத்தம் இருபத்தொரு கால்கள். இதுதான் ஒரு மனிதரின் கணக்கு. கடைசிக் கால் 2060களில் தேவைப்படும்.

இந்தக் கணக்கை இன்று யார் வைத்திருக்கிறார்கள்? போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கொடையாளர்களின் கவனம் வேறு போர்களுக்குப் போய்விட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் இல்லாமல் நாடு மருந்துக்கே தவித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் முழங்கால் மூட்டு, பிசின், உறை போன்றவற்றின் விலை ரூபாயின் வீழ்ச்சியோடு ஏறியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, மிதிவெடி அகற்றும் பணிகளும் அதில் அகப்பட்டன. ஒரு தலைநகரில் இடப்படும் ஒரு கையெழுத்து முகமாலை வரைக்கும் வந்து சேர்கிறது.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் முதலாம் திகதிக்குள் நிலம் முழுவதும் துப்புரவாக்கப்பட வேண்டும். அந்தத் திகதி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அதே உடன்படிக்கை, மிதிவெடியால் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கடமைக்கு முடிவுத் திகதி இல்லை. 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, தரமான நடமாட்டச் சாதனங்கள் தாங்கக்கூடிய செலவில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆகவே தேய்ந்த பாதத்தை மாற்றித் தரக் கேட்பது இரத்தல் அல்ல. அரசு ஒப்பமிட்ட ஒன்றைக் கேட்பது.

எடை குறைவது ஆடம்பரமா?

இலேசான கால் வசதியானவர்களுக்கு உரியது என்ற எண்ணம் எங்களிடையே உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முழங்காலுக்குக் கீழான இயற்கையான கால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். செயற்கைக் கால் பெரும்பாலும் அதைவிட எடை குறைவு. இருந்தும் அது பாரமாகத் தோன்றுவதற்குக் காரணம், அது எலும்பிலும் தசையிலும் பொருந்தாமல் தோலில் தொங்குவதே. நுனியில் குறைக்கும் ஒவ்வொரு நூறு கிராமையும் மாலையில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளி உணர்வார்.

இதை நன்கு விளங்கிக்கொண்டவர் அப்துல் கலாம். ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் மருத்துவமனையில் போலியோவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அணிந்திருந்த, ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கியை 300 கிராமாகக் குறைக்க வழி செய்ததைத் தன் வாழ்வின் பெரு மகிழ்ச்சிகளில் ஒன்றாக அவர் சொல்லி வந்தார். அவர் 2012 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவர்களிடம் பேசினார். அன்று கைதட்டிய தலைமுறை இன்று பொறியியலாளர்களாக இருக்கிறது.

எல்லோருக்கும் விலை உயர்ந்த காபன் இழைப் பாதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுபவருக்கு அது பொருந்தாமலும் போகலாம். அவரவர் வேலைக்கும் மண்ணுக்கும் ஏற்ற பாதம், ஏற்ற எடையில், தேயும்போது மாற்றக்கூடியதாக வேண்டும் என்றே கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு பதிவேடு. வடக்கு மாகாணத்தில் செயற்கைக் கால் அணியும் ஒவ்வொருவருக்கும் எப்போது, என்ன வகை, எங்கே பொருத்தப்பட்டது, அடுத்த பரிசோதனை எப்போது என்ற குறிப்பு பிரதேச செயலக மட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குச் சேவிஸ் புத்தகம் இருக்கிறது. காலுக்கு ஒன்றுமில்லை. முகாம் நடத்த வருபவர்கள் இந்தப் பதிவேட்டில் எழுதிவிட்டே போக வேண்டும்.

இரண்டாவது, திருத்தும் இடம் ஆட்களைத் தேடிப் போக வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்து, ஒரு நாள் கூலியை இழந்து, பாதம் மாற்றிப் போவது எல்லோராலும் முடிவதில்லை. பாதத்தை மாற்றுவது பெரும்பாலும் ஓர் ஆணியைக் கழற்றிப் பூட்டும் வேலை. தேவையான கருவிகளோடு ஒரு வான் மாதம் ஒருமுறை தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் போய்வந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது, உள்ளூரில் செய்வதும் சோதிப்பதும். இலங்கை இறப்பர் விளையும் நாடு. பார வாகனங்களுக்கான கெட்டி டயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்கிறது. காரைநகரில் சீநோர் நிறுவனம் பைபர் படகு கட்டத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கண்ணாடியிழையைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைக்கும் கைப்பழக்கம் எங்கள் கரையோரமெங்கும் உண்டு. செயற்கைக் காலின் உறையைச் செய்யும் முறைகளில் ஒன்றும் அதுவே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு பாதத்தை 20 இலட்சம் தடவை அமுக்கிப் பார்க்கும் இயந்திரம் ஒன்றை அமைப்பது இறுதியாண்டு மாணவர் குழு ஒன்றுக்கு எட்டாத வேலையல்ல. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எங்கள் வெயிலில் காயவைத்துச் சோதித்தால், எந்த நுரை எங்கள் மண்ணில் எவ்வளவு காலம் தாங்கும் என்று நாங்களே சொல்லலாம்.

நான்காவது, புலம்பெயர் உறவுகளுக்கு. ஒரு விழாவில் நூறு கால் கொடுப்பது நல்லது. ஐம்பது பேருக்குப் பத்து ஆண்டுகள் பாதம் மாற்றும் பொறுப்பை ஏற்பது அதைவிட நல்லது. அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஐம்பது பேரும் வேலைக்குப் போவார்கள்.

கால் இழந்த முன்னாள் போராளி, விவசாயி, அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் எல்லோரும் முதுமையை நோக்கிப் போகிறார்கள். நீரிழிவால் கால் இழப்பவர்கள் அவர்களோடு சேர்கிறார்கள். இந்தச் சேவை போரோடு முடிந்துபோகும் ஒன்றல்ல.

மாமா இப்போது புதிய பாதத்தோடு தோட்டத்துக்குப் போகிறார். முழங்கால் நோவு குறைந்திருக்கிறது என்கிறார். இந்தமுறை நல்லூர்த் தேருக்கு வெறுங்காலோடு வருவேன் என்றும் சொல்லியிருக்கிறார். பாதம் பொருத்திய திகதியை வீட்டு நாட்காட்டியின் பின்பக்கம் நான் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, இரண்டு ஆண்டு தள்ளி இன்னொரு திகதி. அன்று நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதத்தைக் காட்டப் போவது என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இன்று அவரது பாதத்தைக் கையில் எடுத்து, குதியை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.